நெகட்டிவ் இருக்கிறது, ஆனால் தொடர் அதில் இல்லை

அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடர்களான ஸ்டார் ட்ரெக் வரிசையில் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ எச்.டி.யில் பளிச்சென்று வந்துவிட்டது. அதே நிறுவனம் அதே 35 மி.மீ. பிலிமில் அடுத்து எடுத்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ மட்டும் ஏன் இன்னும் டிவிடி காலத்து மங்கலிலேயே கிடக்கிறது, பிலிமை எடுத்து ஸ்கேன் செய்தால் வேலை முடிந்துவிடாதா, அதுவும் முடியாதென்றால் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிடலாமே, அதுவரை டிவிடியை வைத்துக்கொள்வதா என்று உங்கள் ரசிகர் குழுவின் சார்பில் கேட்டிருக்கிறீர்கள். ஒருநாள் அதுவும் எச்.டி.யில் வரும் என்ற ரசிகர்களின் நம்பிக்கைக்கு ஏதாவது பிடிமானம் உண்டா, வெறும் ஆசைதானா என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பிடிமானம் உண்டு. ஆனால் அதன் அளவைத் தெரிந்துகொள்ள, இந்தத் தொடர்கள் எப்படித் தயாராயின என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பழைய பிலிமைச் சுத்தம் செய்வது, ஸ்கேன் செய்வது, பழைய ஒளிபரப்புப் பிரதியோடு பொருத்துவது, இதுதான் பதினேழு ஆண்டுகளாக என் வேலை. நீங்கள் கேட்கும் தொடரின் சுருள்களை நான் தொட்டதில்லை. அதே காலத்தில், அதே முறையில் தயாரான வேறு தொடர்களில் வேலை செய்திருக்கிறேன். ஆகவே வேலைமுறையைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்தால் அறிந்தது. டீப் ஸ்பேஸ் நைனைப் பற்றிச் சொல்வது வெளியில் எல்லோருக்கும் தெரிந்த செய்திகளிலிருந்து. உரிமையாளரான பாரமவுண்ட் என்ன முடிவெடுக்கும் என்பதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

சந்தேகமே இல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். 35 மி.மீ. பிலிமில், அன்றைய தொலைக்காட்சிப் பெட்டி காட்டியதைவிடப் பல மடங்கு நுணுக்கம் பதிந்திருக்கிறது. அமெரிக்க ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 525 கிடைக்கோடுகள், அவற்றில் திரையில் தெரிந்தவை ஏறத்தாழ 480. எச்.டி.யில் 1080. டிவிடியில் ஒரு படத்துக்கு 720 பெருக்கல் 480 புள்ளிகள். அதே 4:3 சட்டகத்தை, அதாவது அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற பழைய தொலைக்காட்சி வடிவத்தை, எச்.டி.யில் வைத்தால் 1440 பெருக்கல் 1080. நான்கரை மடங்கு. இந்த நான்கரை மடங்கும் பிலிமில் நிஜமாகவே இருக்கிறது, அதற்கு மேலும் இருக்கிறது. நடிகரின் சட்டைத் தையலும் நெற்றி ஒப்பனையின் விளிம்பும் படப்பிடிப்பு நாளிலேயே அதில் பதிந்துவிட்டன.

வீடியோ கேமராவில் எடுக்கப்பட்ட தொடர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. ‘ஆல் இன் தி ஃபேமிலி’, ‘கோல்டன் கேர்ள்ஸ்’ போன்றவை கேமராவிலிருந்து நேராக டேப்புக்குப் போனவை. டேப்பில் இருப்பதுதான் அவற்றின் உச்சம், அதற்கு மேல் ஏற ஏணி கிடையாது. பழைய பிரிட்டிஷ் தொடரான ‘டாக்டர் ஹூ’ இதற்கு நல்ல சாட்சி. ஸ்டுடியோக் காட்சிகளை வீடியோவிலும் வெளிப்புறக் காட்சிகளை 16 மி.மீ. பிலிமிலும் எடுப்பதுதான் அங்கே வழக்கம். 1970-இல் ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ கதையின்போது வேலைநிறுத்தத்தால் ஸ்டுடியோவைப் பயன்படுத்த முடியவில்லை; வேறு வழியின்றி முழுக் கதையையும் பிலிமிலேயே எடுத்தார்கள். அன்று சங்கடமாக இருந்த அந்த ஏற்பாட்டினால்தான் 2013-இல் அந்தக் கதை உண்மையான எச்.டி.யில் ப்ளூரே வட்டாக வந்தது.

பிலிமில் எடுத்ததென்றால் கவலையில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். எதில் எடுத்தார்கள் என்பதோடு, எதில் தொகுத்து முடித்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். 1966 முதல் 1969 வரை வந்த முதல் ஸ்டார் ட்ரெக்கில், தொகுப்பாளர் முடிவெடுத்தபின் நெகட்டிவையே கத்தரித்து ஒட்டி, ஒவ்வொரு அத்தியாயத்தையும் பிலிமிலேயே முழுதாக்கினார்கள். முடிந்த அத்தியாயம் ஒரு பொருளாக டப்பாவுக்குள் இருந்தது. 2006-இல் அதைப் புதுப்பித்தவர்களிடம் அந்த முழு அத்தியாயம் இருந்தது. 1980களின் நடுவில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முறை மாறியது. பிலிமில் எடுப்பார்கள், அன்றன்றைக்கு எடுத்ததை டெலிசினி என்ற கருவியில் ஓட்டி வீடியோ டேப்புக்கு மாற்றுவார்கள், அதற்குப்பின் வெட்டுவது, ஒட்டுவது, ஒரு காட்சி கரைந்து இன்னொன்றாவது, விண்கலம் பறப்பது, கதிர்த் துப்பாக்கியின் ஒளி, எழுத்துகள் எல்லாமே டேப்பில்தான். செலவும் குறைவு, வாரம் ஒன்று என்ற கெடுவுக்கும் அதுதான் ஈடுகொடுத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொருமுறை ஒளிபரப்பானால் போதும் என்ற காலம் அது.

இதனால் ஒரு விசித்திரமான நிலைமை. 1966-இல் எடுத்த அத்தியாயம் பிலிமில் முழுதாக இருக்கிறது, 1993-இல் எடுத்தது இல்லை. டீப் ஸ்பேஸ் நைனின் நெகட்டிவ் டப்பாக்களில் இருப்பவை வெட்டப்படாத மூலத் துண்டுகள்: நடிகர் வசனத்தை மறந்த டேக், கேமரா நடுங்கிய டேக், அடுத்து வந்த நல்ல டேக் எல்லாம் வரிசையாக. நீங்கள் பார்த்து நேசித்த அத்தியாயம் என்ற வடிவம் 480 கோட்டு டேப்பில் மட்டுமே பிறந்தது. எச்.டி.யில் வேண்டுமென்றால் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். முழுதாக இருக்கும் பிலிமைப் புதுப்பிப்பது, துண்டுகளிலிருந்து மறுபடி கட்டுவது இரண்டுக்கும் ரீமாஸ்டர் என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் இந்தக் குழப்பம்.

கட்டுவது என்றால் என்னவென்று மேசைக்கருகில் நின்று பார்த்தால்தான் புரியும். டப்பா மூடியைத் திறந்ததும் முதலில் வேலை செய்வது மூக்கு. காடிநெடி அடித்தால், அதாவது வினிகர் வாசனை வந்தால், அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தச் சுருள் சுருங்கியும் நெளிந்தும் இருக்கும், அதைத் தனியாகப் பிரித்துவைத்து முந்திக் கவனிக்க வேண்டும். நெடி இல்லையென்றால் மூச்சு விடலாம். அடுத்து, பிலிமின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓடும் எண்கள். 1990-இல் கோடக் நிறுவனம் கொண்டுவந்த கீகோட் முறையில் அந்த எண்களைக் கருவியே படித்துவிடும். அதற்கு முந்தைய சுருள்களில் கண்தான் கருவி. பழைய தொகுப்புப் பட்டியல் கிடைத்தால் நல்லது. ஆனால் அதிலும் பெரும்பாலும் டெலிசினி டேப்பின் நேரக்குறிகள்தான் இருக்கும், பிலிமின் எண் இருக்காது. டேப்பே தொலைந்திருந்தால் அந்தப் பட்டியல், இடிந்துபோன வீட்டின் கதவெண்.

ஒரு தொடரில் ஒரு பெண் தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும் காட்சி. நான்கு விநாடிகூட இருக்காது. நெகட்டிவில் அதே செயலுக்கு ஐந்து டேக்குகள் இருந்தன. ஒன்றில் கோப்பையின் பிடி இடப்பக்கம், இன்னொன்றில் சற்றே திரும்பியிருக்கிறது, மூன்றாவதில் சரியாக இருக்கிறது, ஆனால் விரல் முன்னதாகவே விலகிவிடுகிறது. ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, பழைய டேப்பின் மேல் படிய வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் திரையில் காட்டச் சொல்வோம். டேக் தவறென்றால் உருவத்தின் ஓரமெல்லாம் பேய்போலத் துருத்திக்கொண்டு தெரியும். சரியான டேக், சரியான பிரேம் என்றால் திரை சட்டென்று கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்காக ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். ஓர் அத்தியாயம் 45 நிமிடம் என்று வைத்தால் 64,800 பிரேம்கள். டீப் ஸ்பேஸ் நைனில் 176 அத்தியாயங்கள். கடைசியில் திரைக்கு வரும் பிரேம்கள் மட்டுமே ஏறத்தாழ 1 கோடியே 14 லட்சம். அவற்றைத் தேடியெடுக்க வேண்டிய குவியல் அதைப்போலப் பல மடங்கு.

நெக்ஸ்ட் ஜெனரேஷனில் இதைத்தான் செய்தார்கள். முதல் பருவம் 2012 ஜூலையிலும் ஏழாவது 2014 டிசம்பரிலும் ப்ளூரேயாக வந்தன. 178 அத்தியாயங்களையும் நெகட்டிவிலிருந்து மறுபடி தொகுத்தது தொலைக்காட்சி வரலாற்றில் மிக அரிய காரியம். அவர்களுக்கு ஓர் அனுகூலம் இருந்தது. அந்தத் தொடரின் விண்கலக் காட்சிகளில் பெரும்பகுதி மினியேச்சர் மாதிரிகளைப் பிலிமில் எடுத்தவை. ஒரே மாதிரியை, கணினி கட்டுப்படுத்தும் கேமரா ஒரே பாதையில் பலமுறை கடந்து எடுக்கும்: ஒருமுறை உடல்பகுதிக்கு, ஒருமுறை சன்னல் விளக்குகளுக்கு, ஒருமுறை பின்னணியைப் பிரிக்கும் நிழலுருவுக்கு. இந்த அடுக்குகளின் நெகட்டிவ்கள் இருந்ததால் அவற்றை எச்.டி.யில் ஸ்கேன் செய்து மறுபடி ஒன்றுசேர்க்க முடிந்தது. கோள்கள், கதிர்வீச்சு, படிக உயிரி போன்ற சிலவற்றை மட்டும் புதிதாக உருவாக்கினார்கள். அப்படியும் சில அத்தியாயங்களில் சில விநாடிகளுக்கு நெகட்டிவ் கிடைக்கவேயில்லை. அந்த இடங்களில் பழைய டேப்பைப் பெரிதாக்கிச் சேர்த்தார்கள். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியும். அவ்வளவு உழைத்தவர்கள் அந்தச் சில விநாடிகளை மறைக்காமல் விட்டதை நான் மதிக்கிறேன்.

டீப் ஸ்பேஸ் நைனுக்கு வருவோம். தொடக்கப் பருவங்களில், கதை நடக்கும் விண்வெளி நிலையமும் விண்கலங்களும் பெரும்பாலும் மினியேச்சர் மாதிரிகளே. அந்தப் பகுதிக்கு நெக்ஸ்ட் ஜெனரேஷனின் வழி அப்படியே பொருந்தும். பிற்பகுதியில், குறிப்பாகப் பெரும் போர்க்காட்சிகளில், கணினி வரைகலை வந்து புகுந்தது. அந்த வரைகலைக் காட்சிகளை அன்றைய டேப்பின் அளவிலேயே உருவாக்கினார்கள். அவற்றுக்குப் பின்னால் நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது. அவற்றை எச்.டி.யில் கொண்டுவர ஒரே நேர்வழி, கலங்களின் கணினி மாதிரிகள், அவற்றின் மேற்பரப்புப் படங்கள், நகர்வுகளைப் பதிந்த கோப்புகள் ஆகியவற்றைத் தேடிப்பிடித்து மறுபடி உருவாக்குவது. கிடைத்தாலும் சிக்கல் தீராது. 480 கோட்டுக்குப் போதுமென்று பூசிய மேற்பரப்பு, எச்.டி.யில் பிளாஸ்டிக் பொம்மைபோல் நிற்கும். பழைய மென்பொருள் ஒளியைக் கணக்கிட்ட விதமும் இன்றையதும் வேறு. ஆகவே கலைஞர்கள் புதிதாக உட்கார்ந்து செதுக்க வேண்டும். தொடரின் ஆறாவது பருவத்தில் வரும் அந்தப் பெரிய விண்கலப் படை மோதலை நினைத்துப் பாருங்கள். எத்தனை கலங்கள், எத்தனை வெடிப்புகள்! இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான ‘வாயேஜர்’ தொடருக்கும் இதே கதை, அங்கே வரைகலையின் பங்கு இன்னும் கூடுதல்.

இந்த முட்டுச்சந்தில் நின்ற இன்னொரு தொடர் ‘பாபிலோன் 5’. அதன் விண்வெளிக் காட்சிகள் முழுக்கக் கணினியில் பிறந்தவை, அதுவும் 1990களின் தொடக்கத்து அமிகா கணினிகளில் தொடங்கியவை. 2021-இல் அதை எச்.டி.யில் வெளியிட்டவர்கள் ஒரு நடுவழியைத் தேர்ந்தார்கள். நடிகர்கள் வரும் காட்சிகளைப் பிலிமிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்தார்கள். வரைகலையும் அதனோடு கலந்த காட்சிகளையும் பழைய அளவிலிருந்து பெரிதாக்கினார்கள். சட்டகத்தை முதலில் ஒளிபரப்பான 4:3 அளவிலேயே வைத்தார்கள். 2023-இல் ப்ளூரேயும் வந்தது. விண்கலம் வரும்போது படம் கொஞ்சம் மென்மையாகும். முகத்துக்குத் திரும்பும்போது மறுபடி கூர்மையாகும். ஐந்து நிமிடத்தில் கண் அதற்குப் பழகிவிடுகிறது. டீப் ஸ்பேஸ் நைன் ஒருநாள் வருமானால், இந்த வழியில் வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. அப்படி வந்தால் மனநிறைவோடு ஏற்றுக்கொள்வேன். அந்தத் தொடரின் உயிர் போர்க்கலங்களில் இல்லை. இருட்டறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளில் இருக்கிறது, அவை முழுவதும் பிலிமில் இருக்கின்றன.

இருக்கின்றன என்று துணிந்து சொல்லக் காரணம் உண்டு. இந்தத் தொடரைப் பற்றி ரசிகர்கள் திரட்டிய பணத்தில் ‘வாட் வீ லெஃப்ட் பிஹைண்ட்’ என்ற ஆவணப்படம் தயாரானது. அதற்காகத் தொடரின் சில காட்சிகளை மூல நெகட்டிவிலிருந்து எச்.டி.யில் ஸ்கேன் செய்து காட்டினார்கள். நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது, தேடினால் கிடைக்கிறது, ஸ்கேன் செய்தால் அருமையாக வருகிறது என்ற மூன்றும் அதோடு உறுதியாகிவிட்டன. நான் தொடக்கத்தில் சொன்ன பிடிமானம் இதுதான். உறுதியில்லாதது பணம். நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்குச் செலவழித்தது, ப்ளூரே விற்பனை அதை ஈட்டித் தரும் என்ற கணக்கில். அந்த வட்டுகள் வந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே மக்கள் வட்டு வாங்குவதை விட்டு இணையத்தில் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். இணையச் சேவையில் பழைய தொடர் மங்கலாக இருந்தாலும் பார்ப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அதை மெருகேற்றினால் கூடுதலாக எவ்வளவு வரும் என்று யாராலும் கணக்கெழுத முடிவதில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்டதற்கு, வேலை செய்பவனாக நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். நான் அதன் எதிரி அல்ல, தினமும் பயன்படுத்துகிறேன். தூசியும் கீறலும் எங்கே என்று கண்டுபிடிக்க, நடுக்கத்தை அடக்க, குவியலிலிருந்து ஒத்த டேக்கை முதற்கட்டமாகப் பொறுக்கித் தர அது கெட்டிக்கார உதவியாள். நான் ஒரு பிற்பகல் செலவழித்த கோப்பையை இன்று அது சில நிமிடங்களில் காட்டிவிடக்கூடும். டீப் ஸ்பேஸ் நைன் மாதிரித் தொடர்களுக்கு எனக்கு நம்பிக்கை கூடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் டிவிடியை அதனிடம் கொடுத்து எச்.டி. ஆக்கச் சொன்னால், இருக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றரைப் புள்ளியை அது ஊகித்து நிரப்புகிறது. ஒருமுறை சோதனைக்காக ஒரு காட்சியைக் கொடுத்தோம்: ஒருவர் கையில் கடிதம், பின்னால் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை. வெளிவந்த படத்தில் கடிதத்தின் கையெழுத்து மிகக் கூர்மையாக இருந்தது. ஆனால் அது எந்த மொழியும் இல்லை. எழுத்துபோல் தோன்றும் கோடுகள், அவ்வளவுதான். அவர் முகத்தில் இருந்த அம்மைத் தழும்பு மெழுகுபோல் வழுவழுப்பாகிவிட்டது. பிறகு நெகட்டிவைப் பார்த்தோம். கடிதத்தின் இரண்டு வரிகளைத் தெளிவாகப் படிக்க முடிந்தது. தழும்பும் அதனிடத்தில் இருந்தது. நெகட்டிவே இல்லாத வரைகலைக் காட்சிகளுக்கு இந்த முறையை அளவாகப் பயன்படுத்துவதை ஒப்புக்கொள்கிறேன், வேறு வழியில்லை. நெகட்டிவ் குளிரறையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு ஊகத்தை எச்.டி. என்று விற்பதை ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரீமாஸ்டர் வந்தாலே போதும் என்ற மனநிலையும் வேண்டாம். ‘பஃபி’ தொடரை 2014-இல் அகலத்திரையாக்கியபோது, 4:3 சட்டகத்துக்கு வெளியே நின்றிருந்த படப்பிடிப்புக் குழுவினரும் கருவிகளும் திரைக்குள் வந்துவிட்டார்கள். இரவுபோல் நிறம் திருத்திய காட்சிகள் பட்டப்பகலாகிவிட்டன. ‘சைன்ஃபெல்ட்’ 2021-இல் இணையத்தில் வந்தபோது மேலும் கீழும் வெட்டி அகலமாக்கியதில், சாலைப் பள்ளத்தைப் பற்றிய அத்தியாயத்தில் அந்தப் பள்ளமே ஒரு காட்சியில் காணாமற்போனது. 2025 டிசம்பரில் ‘மேட் மென்’ 4கே வடிவில் வெளியானபோது, ஒருவர் வாந்தியெடுக்கும் காட்சியில் அதற்கான குழாயை இயக்கும் பணியாளர்கள் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தார்கள். முதல் ஒளிபரப்பில் கணினியில் அழித்திருந்ததை, புதிய கோப்பில் யாரும் அழிக்கவில்லை. நான் மேலே சொன்னதைத்தான் இதுவும் காட்டுகிறது: படைப்பின் ஒரு பகுதி பிலிமுக்கு வெளியே, இறுதித் தொகுப்பில் மட்டும் இருக்கிறது. ஆகவே நிறுவனத்துக்கு எழுதும்போது எச்.டி. வேண்டும் என்று மட்டும் எழுதாதீர்கள். 4:3 சட்டகம் வேண்டும், பழைய நிறத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும், வரைகலைக் காட்சிகள் சற்று மென்மையாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வோம் என்று சேர்த்து எழுதுங்கள். இந்தக் கடைசி வரி முக்கியம். செலவில் பெரும்பகுதி அந்த வரைகலையில்தான் இருக்கிறது. அதை ரசிகர்களே விட்டுக்கொடுக்கத் தயார் என்று தெரிந்தால் கணக்கு மாறும்.

இதில் எனக்கு இருக்கும் ஒரே பதற்றம் நெகட்டிவைப் பற்றியது அல்ல. குளிரும் வறட்சியும் சரியாக இருந்தால் அது இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்கும். 1990களில் அந்த வரைகலையைச் செய்தவர்களின் வீட்டு அலமாரிகளில் பழைய வன்தட்டுகளும் காப்பு நாடாக்களும் இருந்தால், அவற்றுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அவற்றைப் படிக்கும் கருவிகளே அரிதாகி வருகின்றன. உங்கள் குழுவில் அந்தக் கலைஞர்களோடு தொடர்புள்ளவர்கள் இருந்தால், நிறுவனத்துக்கு அனுப்ப ரசிகர்களிடம் கையெழுத்துத் திரட்டுவதற்கு முன் அவர்களிடம் பேசுங்கள். கோப்புகளை இன்றைய வட்டுக்கு நகலெடுத்துப் பத்திரப்படுத்தினால் போதும்; பயன்படுத்தும் உரிமை யாருடையது என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

டிவிடியைக் கொடுத்துவிடாதீர்கள், வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது தொலைக்காட்சியில் படத்தை அகலமாக இழுக்கும் அமைப்பை அணைத்து 4:3-இல் வையுங்கள், இருபுறமும் கறுப்புப் பட்டை வரட்டும். கூர்மையைக் கூட்டும் அமைப்பையும் நகர்வை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தைவிட இன்னும் ஒன்றிரண்டு அடி பின்னால் தள்ளி உட்காருங்கள். அந்த டேப் எந்தத் தொலைவிலிருந்து பார்ப்பதற்காக முடிக்கப்பட்டதோ அந்தத் தொலைவில், நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கும்.